ஷட் டவுன் ஆனபின்னும் ஓடும் மின்சாரம்

கணினி மையம், இ-சேவை மையம், ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. நிலையம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே காலையில் திறந்து இரவில் பூட்டுகிற தம்பி தங்கைகளுக்கும்,



கணினிகளை ஷட் டவுன் செய்துவிட்டு, விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டு போகிறீர்கள். திரை இருண்டுவிட்டது, பெட்டிக்குள் காற்றாடி நின்றுவிட்டது. ஆனாலும் சுவரில் உள்ள சுவிட்ச் போட்டபடி இருக்கும்வரை கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் 230 வோல்ட் வந்து நின்றுகொண்டுதான் இருக்கிறது. விடிய விடிய அது கொஞ்சம் மின்சாரத்தைத் தின்கிறது, அதற்கு இ.பி. பில்லில் நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள். அதைவிட முக்கியம், "அணைத்தாச்சு" என்று நம்பிப் பெட்டியைத் திறக்கிறவரின் கை. இரண்டுக்கும் ஒரே பழக்கம் மருந்தாக இருப்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முன்பு இப்படி இல்லை. விண்டோஸ் 95 காலத்துக் கணினியில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஷட் டவுன் கொடுத்தால், இனி கணினியை நிறுத்திக்கொள்ளலாம் என்று கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்து வந்து நிற்கும். அதைப் பார்த்தபின் முன்பக்கத்துப் பொத்தானை நாமே தட்டி நிறுத்துவோம். அது உண்மையான மின் சுவிட்ச். 230 வோல்ட் ஒயரே பின்னாலிருந்து அந்தப் பொத்தான்வரை வந்து போகும். 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். அமைப்பைக் கொண்டுவந்தது. அதோடு அந்தப் பொத்தானின் வேலையே மாறிப்போனது. இன்றைக்கு நீங்கள் அழுத்தும் பொத்தான் எந்த மின்சாரத்தையும் வெட்டுவதில்லை. மதர்போர்டுக்கு ஒரு சைகை காட்டுகிறது, அவ்வளவுதான். மதர்போர்டு அதைப் பார்த்துப் பச்சை ஒயரைக் கறுப்பு ஒயரோடு சேர்க்கும். உடனே எஸ்.எம்.பி.எஸ். விழித்துக்கொண்டு மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 என்று கொடுக்கத் தொடங்கும். அந்தச் சைகையைக் கவனிக்க மதர்போர்டின் ஒரு மூலையாவது எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதற்காகவே ஊதா நிற ஒயரில் 5 வோல்ட் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. அந்த 5 வோல்ட்டை உண்டாக்கவென்று எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் தனியாக ஒரு சிறு மின்சுற்று இரவும் பகலும் ஓடுகிறது.

ஷட் டவுன் ஆன பிறகும் மவுஸின் அடியில் சிவப்பு விளக்கு எரிவதையும், யு.எஸ்.பி.யில் சொருகிய செல்போன் சார்ஜ் ஏறுவதையும் பார்த்திருப்பீர்கள். பல மதர்போர்டுகளில் ஒரு சிறிய பச்சை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். எல்லாம் ஊதா ஒயரின் வேலை.

இதில் எவ்வளவு போகிறது என்று யாரோ சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். உங்கள் கடையிலேயே அளந்துவிடலாம், கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. மின்வாரியம் பொருத்தியிருக்கும் எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். ஒரு முனை மீட்டர்கள் பலவற்றில் அது 3200. ஒருநாள் இரவு கடையைக் கட்டும்போது எல்லாக் கணினிகளையும் ஷட் டவுன் செய்யுங்கள். விளக்கு, விசிறி, பிரிட்ஜ், கேமரா எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கணினி போர்டுகளின் சுவிட்சை மட்டும் போட்டபடி விடுங்கள். பிறகு மீட்டர் முன்னால் கைக்கடிகாரத்தோடு ஐந்து நிமிடம் நின்று சிமிட்டலை எண்ணுங்கள். 3200 மீட்டராக இருந்தால், நிமிடத்துக்கு ஒரு சிமிட்டல் என்றால் ஏறக்குறைய 19 வாட். நிமிடத்துக்கு எட்டு என்றால் 150 வாட். பத்துக் கணினியும் பத்து யு.பி.எஸ்.ஸும் உள்ள கடையில் இந்த எட்டு ஆச்சரியமான எண் அல்ல. கடை இரவில் 12 மணி நேரம் மூடியிருந்தால் ஓர் இரவுக்கு 1.8 யூனிட், இரண்டு மாத பில்லில் 108 யூனிட். வணிக இணைப்பு என்பதால் உங்களுக்கு இலவச யூனிட்டும் கிடையாது.

மனத்தில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு ஒன்று: 1 வாட் ஓர் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் 8.76 யூனிட், ஏறக்குறைய ஒன்பது.

அந்த 150 வாட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பங்கு என்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பங்கு பெரும்பாலும் யு.பி.எஸ்.ஸுடையது. கடைகளில் வழக்கமாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்., ஒரு கணினியும் ஓடாதபோதுகூடச் சில வாட்டிலிருந்து பத்து வாட்வரை இழுக்கும். இரவில் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு உங்கள் பணம். அடுத்து, மேசை மேல் உள்ள பழைய ஸ்பீக்கர்கள், ஜெராக்ஸ் இயந்திரம், லேசர் பிரிண்டர். எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு இழுக்கும் என்பது அதன் வயதையும் தரத்தையும் பொறுத்தது. அணைத்த நிலைக்கு 'ஒரு வாட்' என்ற இலக்கைப் பன்னாட்டு எரிசக்தி முகமை 1999இல் முன்வைத்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆலன் மையர் போன்றவர்கள் அதற்காக வாதாடினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அதைச் சட்டமாக்கி, அணைத்த நிலையில் வீட்டு, அலுவலகக் கருவிகள் 1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று 2010இல் கொண்டுவந்தது. 2013இல் அது அரை வாட் ஆனது. உலகச் சந்தைக்குச் செய்யப்படும் நல்ல பொருட்கள் அதனால் திருந்தின. ஆனால் நம் கடைகளில் இன்றும் ஓடும் பழைய அசெம்பிள் பெட்டிகளில் அதற்கு முந்தைய காலத்து எஸ்.எம்.பி.எஸ்.களும், எந்தச் சட்டத்தையும் பார்க்காத மலிவு எஸ்.எம்.பி.எஸ்.களும் ஏராளம்.

செல்போன் சார்ஜரைச் சுவரிலேயே விட்டுவிட்டோமே என்று மனம் அடித்துக்கொள்ளவும் வேண்டாம். நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது ஒரு வாட்டில் சிறு பங்குதான் எடுக்கும். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. பகலில் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினி, திரையோடு சேர்த்து 70 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு மணி நேரம் அப்படிச் சும்மா ஓடினால், ஆண்டுக்கு 300 நாளில் 84 யூனிட். ஒரே ஒரு கணினிக்கு! திரையில் மீன் நீந்தும் ஸ்கிரீன் சேவர் ஒரு வாட்டையும் மிச்சப்படுத்தாது. ஐந்து நிமிடத்தில் திரை அணையவும், பதினைந்து நிமிடத்தில் கணினி ஸ்லீப் நிலைக்குப் போகவும் செட்டிங்கில் வைத்துவிடுங்கள். ஸ்லீப்பில் பெட்டி சில வாட்டோடு நின்றுவிடும். வாடிக்கையாளர் வந்து விசையைத் தட்டினால் சில நொடியில் எழுந்துவிடும். சேமிப்பை இங்கேயிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

இனி ஆபத்தைப் பற்றி. இதை நிதானமாகப் படியுங்கள்.

"சி.பி.யூ. பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்குது" என்று பல கடைகளில் சொல்வார்கள். சொல்லிவிட்டு, காலடியில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். டெஸ்டரை வைத்தால் கேபினெட்டில் விளக்கு எரியும். காரணம் இதுதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸிலிருந்து ஒரு சிறு கெபாசிட்டரும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் இரும்புப் பெட்டியோடு சேர்க்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் துளி மின்சாரம் எர்த் ஒயரில் இறங்கிப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் போக வழியில்லாமல் பெட்டி பாதி மின்னழுத்தத்தில், ஏறக்குறைய 115 வோல்ட்டில், மிதக்கும். ஒரு பெட்டியின் கசிவு சுரீர் என்பதோடு போய்விடும். ஆனால் எர்த் வராத ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஐந்தாறு கணினிகளைச் சொருகினால், எல்லாக் கசிவும் ஒன்றுசேர்ந்து, எதைத் தொடுகிறவரானாலும் அவர்மேல் இறங்கும். அந்தச் சுரீர் ஒரு செய்தியும் சொல்கிறது: இந்தக் கடையில் எர்த் இல்லை, நாளைக்கு உள்ளே உண்மையாகவே இன்சுலேஷன் பழுதானால் பெட்டி முழு 230 வோல்ட்டுக்கு ஏறும், எதுவும் ட்ரிப் ஆகாது. பலகை அதற்குப் பதில் ஆகாது.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வருகிற அளவே அங்கும் வர வேண்டும். எர்த் கம்பி புதைத்த இடம் காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றச் சொல்வார், தேவையானால் புதிதாகப் போடச் சொல்வார். செலவைப் பார்க்காமல் செய்யுங்கள். ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு "எர்த் வந்துடுச்சு" என்று போவது. ஷாக் அப்போதைக்கு நிற்கும். என்றாவது நியூட்ரல் அறுந்தால் கடையின் எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் 230 வோல்ட்டுக்குப் போய்விடும். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டரில் சொருகுவதும் இதே வகைக் குற்றம்தான். கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால் உயிருக்குக் காவல். கணினி அதிகமாக இருந்தால் எல்லாவற்றின் கசிவும் சேர்ந்து அது அடிக்கடி விழும். அப்போது அதைக் கழற்றிப் போடாமல், கணினிகளை இரண்டு மூன்று சுற்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒன்று வையுங்கள்.

ரேம் துடைக்க, தூசி ஊத என்று பெட்டியைத் திறக்கும் தம்பிமார்களுக்கு: ஷட் டவுன் போதாது, சுவர் சுவிட்சும் போதாது. சுவர் சுவிட்ச் ஒரே ஒயரைத்தான் வெட்டும். ஒயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் அது நியூட்ரலை மட்டும் வெட்டிவிட்டுப் பேஸை உள்ளேயே விட்டுவைக்கும். ஆகவே பின்னால் உள்ள பவர் கார்டையே பிடுங்குங்கள். பிடுங்கியபின் முன்பக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். ஊதா ஒயரில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து, மதர்போர்டின் பச்சை விளக்கு அணையும். அது எரியும்போது ரேமைக் கழற்றினால் ரேமும் போகலாம், போர்டும் போகலாம்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் தகர மூடியை மட்டும் திறக்கவே வேண்டாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறக்குறைய 325 வோல்ட் ஆகிறது. அதைத் தாங்கிக்கொண்டு விரல் பருமனில் ஒரு கெபாசிட்டர் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தை வைத்திருக்கும். ஓடிக்கொண்டிருந்த எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஓரளவு தானே வடிந்துவிடும். செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இழுப்பதற்கு ஆளில்லாததால் அது அப்படியே நிற்கும். பழுதாயிற்றே என்று திறந்து பார்க்கத் தோன்றுவது அந்தப் பெட்டியைத்தான், அதிக ஆபத்தும் அதில்தான். உள்ளே போன ஃபியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி கட்டுவது தீயை அழைப்பதாகும். அந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுங்கள், அல்லது புதிது வாங்குங்கள்.

பழைய பெட்டிகளின் பின்னால் 115, 230 என்று மாற்றும் சிறு சிவப்பு சுவிட்ச் இருக்கும். குழந்தைகள் வந்துபோகிற கடையானால் அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். 115இல் நகர்த்தி நம் மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே கெபாசிட்டர் வெடிக்கும்.

இரவில் சுவிட்சை விட்டுவைப்பதால் வேறொரு வினையும் உண்டு. ஓரமாக ஓடும் அந்தச் சிறு மின்சுற்றின் சூட்டுக்குப் பல்லியும் கரப்பானும் உள்ளே போய் ஒண்டும். காலையில் பெட்டி செத்துக் கிடக்கும். மூன்று முனை இணைப்புள்ள தெருவில் நியூட்ரல் கட்டானால் ஒரு முனைக் கடைக்குள் 230க்குப் பதிலாக 400 வோல்ட்டை ஒட்டி வந்துவிடலாம். இரவில் சொருகியிருந்த எல்லாமே அதற்குப் பலியாகும். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் விழும் இடிக்கு, சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. வானம் கறுக்கும்போதே, இடி தலைக்கு மேல் வருமுன்பே, பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து செம்புக் கேபிளில் வரும் நெட் இணைப்பையும் கழற்றுங்கள். ஃபைபர் இழை இடியைக் கொண்டுவராது, ஆனால் அதன் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் கொண்டுவரும்.

சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது மேலே பெரிதாக அச்சிட்ட 450 வாட்டைப் பார்த்து வாங்காதீர்கள். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் அது 168 வாட். இன்றையக் கணினி தன் வேலையில் பெரும்பகுதியை அந்த 12 வோல்ட்டில்தான் செய்கிறது. 2004இல் தொடங்கிய '80 ப்ளஸ்' முத்திரை, சுவரிலிருந்து எடுப்பதில் குறைந்தது 80 விழுக்காடு கணினிக்குப் போகிறது என்பதற்கான சோதனை. 60 வாட் தேவைப்படும் கணினிக்கு, 70 விழுக்காட்டுப் பெட்டி சுவரிலிருந்து 86 வாட் எடுக்கும். 85 விழுக்காட்டுப் பெட்டி 71 வாட் எடுக்கும். நாளுக்கு 12 மணி நேரம், 300 நாள் ஓடும் கடையில் இந்த வேறுபாடு ஒரு கணினிக்கு ஆண்டில் 54 யூனிட். அதற்காகப் பில் போடும் கணினிக்கு 750 வாட் பெட்டியும் வாங்காதீர்கள். மிகக் குறைந்த சுமையில் பெரிய பெட்டியின் திறன் இறங்கிவிடும். ஒயரைக் கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ். என்றால், ஒரு நிறுவனத்தின் ஒயரை இன்னொன்றில் மாட்ட வேண்டாம். சொருகும் இடம் ஒன்றுபோல இருக்கும், உள்ளே வோல்ட்டின் வரிசை வேறாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் எரிந்துபோகும்.

இரவில் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் வந்திருக்கும்போதே கணினி போர்டுகளுக்கெல்லாம் சேர்த்து, கதவோரமாக, டபுள் போல் எம்.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். அது பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும். கேமராவின் டி.வி.ஆர்., இரவிலும் தேவையான ரூட்டர் ஆகியவற்றுக்குத் தனி இணைப்பு இருக்கட்டும். கடைசியாகப் போகிறவர் கணினிகளை ஷட் டவுன் செய்து, காற்றாடி நின்றதைப் பார்த்து, யு.பி.எஸ்.களின் பொத்தானை ஒவ்வொன்றாக நிறுத்தி, அதன்பிறகே எம்.சி.பி.யைத் தள்ள வேண்டும். யு.பி.எஸ்.ஸை நிறுத்தாமல் எம்.சி.பி.யைத் தள்ளினால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது கத்தத் தொடங்கும், பேட்டரி அடிவரை வடியும். சில மாதத்தில் 12 வோல்ட் பேட்டரியை மாற்ற வேண்டிவரும், மின்சாரத்தில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். காலையில் எம்.சி.பி.யைப் போட்டபின் கணினிகளை ஒரே சமயத்தில் எழுப்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புங்கள். எஸ்.எம்.பி.எஸ். முதல் நொடியில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம், பத்தும் சேர்ந்தால் எம்.சி.பி. விழும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் சொருகவே வேண்டாம், அதன் சூடாக்கும் உருளையைச் சின்ன யு.பி.எஸ். தாங்காது.

இதில் ஒரு சிறு விலை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இரவில் ஊதா ஒயர் நின்றுவிட்டால் கணினியின் கடிகாரம் மதர்போர்டில் உள்ள காசு போன்ற சி.ஆர். 2032 பேட்டரியில் ஓடும். அது கொஞ்சம் முன்னதாகத் தீரலாம். தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும், தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். விண்ணப்பம் போட வரிசையில் ஆள் நிற்கும்போது அப்படி ஆகாமல் இருக்க, இரண்டு பேட்டரி வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், விலை மிகக் குறைவு. சுவரில் வெட்டவே முடியாத இடத்தில் கணினி இருந்தால் பயாஸ் செட்டிங்கில் 'இ.ஆர்.பி.' என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அதை இயக்கினால் அணைந்த நிலையில் மதர்போர்டு ஏறக்குறைய முழுவதும் உறங்கும், மவுஸ் விளக்கும் எரியாது. ஆனால் நினைவிருக்கட்டும், 230 வோல்ட் அப்போதும் உள்ளேதான் நிற்கும்.

ஆண்டுக்கு ஒருநாள், ஆயுத பூஜைக்கு, எல்லாக் கடைகளிலும் கணினிகள் ஓய்வெடுக்கின்றன. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்துகிறோம். அன்றைக்கு ஈரத் துணியை எடுக்குமுன் எல்லா பவர் கார்டையும் பிடுங்கி மேசைமேல் எடுத்துப் போடுங்கள். சந்தனத்தை முன்பக்கத் தகட்டில் வையுங்கள், காற்று போகும் துளைகளில் வேண்டாம். பெட்டியின் தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள். புளோயர் வைத்தால் காற்றாடியை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது கண்மண் தெரியாமல் சுற்றித் தேயும். பவர் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, கருகிய பின்னும் விரிசல் விட்ட தோலும் உள்ளவற்றைத் தூக்கிப் போடுங்கள். எர்த்தை அளக்க எலக்ட்ரீஷியனையும் அந்த வாரத்திலேயே கூப்பிட்டுவிடுங்கள், ஆண்டுதோறும் தேதி மறக்காது. கடையைப் பல வாரம் பூட்டப் போகிறீர்கள் என்றால் யு.பி.எஸ். பேட்டரியை முழுக்க ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து மறுபடி ஏற்றுங்கள்.

அன்புடன்,
கணினி பழுது பார்க்கும் ஒருவன்